சோதனைச்சாலையும் சாலையும்

ஃபோக்ஸ்வாகன் விவகாரம் முடிந்துபோன கதை என்று நம் நண்பர்கள் பலர் கருதுகிறார்கள். தப்புச் செய்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், அபராதம் கட்டினார்கள், இரண்டொருவர் ஜெயிலுக்கும் போனார்கள், இப்போது மின்சாரக் கார் செய்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று என்னைக் கேட்டவர் ஒரு கவிஞர். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்தான். கவிஞர்களுக்குக் கணக்கு வராது என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் இவர் சொன்னது சுத்தமான கணக்கு. இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் தண்டனை, இரண்டும் டாலி ஆகிவிட்டது, லெட்ஜரை மூடி வை. டாலி ஆகவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பற்று எழுத வேண்டிய ஒரு முழுப் பக்கம் எழுதப்படாமலே கிடக்கிறது.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். யந்திரங்களைப் பற்றி நான் முறையாகப் படித்தவனில்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறவன். சொந்தமாகக் கார் கிடையாது. பகலில் வவுச்சர்களையும் இரவில் வார்த்தைகளையும் சரிபார்ப்பது என் பிழைப்பு. இந்த விவகாரமோ முழுக்க முழுக்க வவுச்சர்களாலும் வார்த்தைகளாலும் ஆனது. அதனால்தான் இதில் தலையிடுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. அந்நாட்டில் விற்ற ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களில், சோதனை நடக்கிறது என்பதைக் கார் தானே கண்டுகொள்ளும்படி மென்பொருள் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, யந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பவற்றைப் பார்த்து, தான் நிற்பது சோதனைச்சாலையின் உருளைகள் மேலா நிஜமான சாலை மேலா என்று கார் தீர்மானித்துக்கொள்ளும். உருளை மேல் என்றால் மாசைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் முழு மூச்சோடு வேலை செய்யும். சாலை என்றால் தளர்ந்துகொள்ளும். சாலையில் வெளிவந்த நைட்ரஜன் ஆக்ஸைடு சட்டம் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை இருந்தது. நான்கு நாள் கழித்துக் கம்பெனியே ஒப்புக்கொண்டது, உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது என்று. மறுநாள் தலைவர் மார்ட்டின் விண்டர்கார்ன் ராஜினாமா செய்தார். தன் பக்கம் எந்தத் தவறும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் செய்தார்கள் என்பது சிக்கலான விஷயமில்லை. டீசல் யந்திரத்தில் அழுத்தமும் வெப்பமும் அதிகம். அந்த வெப்பத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிக்கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடாகின்றன. இதைக் குறைக்க வழியில்லாமல் இல்லை. ஒரு பொறியில் பிடித்து வைத்து, அவ்வப்போது கூடுதலாக டீசல் செலவழித்து அதைச் சுத்தம் செய்யலாம். அல்லது யூரியாக் கரைசலைத் தெளித்து முறிக்கலாம். முதலாவதில் மைலேஜ் குறையும், உறுப்புகள் சீக்கிரம் கெடும். இரண்டாவதில் பெரிய தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கடி நிரப்ப வேண்டும். சுத்தம், மைலேஜ், மலிவு, சௌகரியம் நான்கும் ஒரே வண்டியில் கிடைக்கும் என்று சொல்லி விற்றார்கள். நான்கில் ஒன்று பொய்யாக வேண்டியிருந்தது. வாங்குகிறவன் கண்ணுக்கு எது தெரியாதோ அதைப் பொய்யாக்கினார்கள்.

கண்ணுக்குத் தெரியாது என்று நான் சொல்வதை அழுத்தமாகவே சொல்கிறேன். 2015இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களுடைய விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு மூதாட்டி தன் வெள்ளைக் கழுத்துத் துணியை டீசல் காரின் சைலன்சர் முனையில் பிடிக்கிறாள். எடுத்துக் காட்டினால் துணி வெள்ளையாகவே இருக்கிறது. டீசல் என்றால் கரும்புகை என்ற பழைய எண்ணத்தைக் கேலி செய்யும் விளம்பரம் அது. அதில் காட்டியது பொய்யல்ல. கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்மையில் வேலை செய்தது. துணியில் ஒட்டாத வாயுவோ துணிக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. அது நுரையீரலில் போய் எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளப்பும், வெயிலில் ஓஸோனாக மாற உதவும், நுண்துகளாக உறையும். உண்மையை மட்டுமே காட்டி ஒரு பொய்யைச் சொல்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புனைகதைப் பட்டறையிலும் கிடைக்காது.

வார்த்தைகளுக்கு வருகிறேன். இந்த மோசடி மென்பொருளுக்கு உள்ளே அவர்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'ஒலியியல் செயற்பாடு'. அமெரிக்க நீதிமன்றத்தில் 2017இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டபோது தாக்கலான உண்மை விவரங்களில் இந்தப் பெயர் இருக்கிறது. ஒலியியல்! திருடப் போகிறவன் அதற்குச் 'சரக்குப் பரிமாற்றம்' என்று பெயர் வைத்தால் நமக்குச் சிரிப்பு வரும். இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கூட்டங்களில் அந்தச் சொல் பலமுறை புழங்கி, சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அதன் பொருள் உறைக்காத அளவுக்கு மழமழவென்று தேய்ந்துவிட்டது. நல்ல மனிதர்கள் கெட்ட காரியம் செய்வதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு நல்ல பெயர். மொழியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்ளும் நாம், இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வங்கியில் நடக்காததா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். நடக்கிறது. மார்ச் 31 அன்று வருகிற டெபாசிட் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த வழியே போய்விடும். இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின வாரம் பூராவும் கிளையில் விளக்கெரியும். விட்டுப்போன கையெழுத்துகள் எல்லாம் வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று மட்டும் சுவரில் தொங்கும் பூகோளப் படம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே பொய் சொல்ல ஒரு மனிதன் ராத்திரி கண் விழிக்க வேண்டியிருக்கிறது. அவன் கை நடுங்குகிறது. அவன் மனைவியிடம் அலுத்துக்கொள்கிறான். வருகிற அதிகாரிக்கும் தெரியும், அதனால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தைப் பார்ப்பார். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வெட்கம். அந்த வெட்கமாவது மிச்சம். ஃபோக்ஸ்வாகன் செய்தது வேறு. இன்ஸ்பெக்டரை அடையாளம் கண்டுகொள்ளும் வேலையை யந்திரத்திடமே விட்டுவிட்டார்கள். ஒருமுறை எழுதி வைத்தால் போதும். 1 கோடியே 10 லட்சம் முறை, ஒவ்வொரு நாளும், எந்த மனிதனும் வெட்கப்பட வேண்டிய அவசியமில்லாமல், பொய் தானே நிகழ்ந்துகொண்டிருக்கும். காரை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. நான் படித்த இங்கிலீஷ் நாவல்களில் வருகிற எந்த வில்லனுக்கும் இந்த நிம்மதி கிடைத்ததில்லை.

(நம் விமர்சகர்களில் சிலருக்கும் இதுபோன்ற ஏற்பாடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. முன்னுரை எழுதும்போது ஒரு அளவுகோல், டீக்கடையில் நிற்கும்போது இன்னொன்று. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

அகப்பட்ட விதமும் கவனத்துக்குரியது. பிடித்தவர்கள் போலீஸ்காரர்களில்லை. பிடிக்க வேண்டும் என்று கிளம்பியவர்களுமில்லை. ஐரோப்பாவில் டீசல் கார்கள் சாலையில் அதிகம் கக்குகின்றன, கடுமையான சட்டமுள்ள அமெரிக்காவில் அதே கார்கள் சுத்தமாக ஓடும், அதை நிரூபித்து ஐரோப்பாவுக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தது. லட்சம் டாலர்கூட இல்லை. அளவு கருவியைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, 2013இல் கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பாஸாட் காரைச் சியாட்டில் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜெட்டா கார் சட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு, பாஸாட் 5 முதல் 20 மடங்கு. தங்கள் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். அந்தக் குழுவில் வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர் பெங்களூர்க்காரர், ஹேமந்த் கப்பண்ணா. பிறகு அவர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 2019இல் அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவரையும் அனுப்பியது. விசாவோடு வாழ்கிறவனுக்கு வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான். திரும்பினார். அந்த ஆட்குறைப்புக்கும் பழைய ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி சொன்னது. இருக்கட்டும். விண்டர்கார்ன் போனபோது அவருக்கு ஓய்வூதியம் இருந்தது.

*

இனி, இதைச் சின்னதாக்கிக் காட்டுகிறவர்களைப் பார்ப்போம். முதல் வகை, சில இன்ஜினியர்கள் செய்த வேலை என்கிறவர்கள். 2015 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கத் தலைவர் மைக்கேல் ஹார்ன் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். கம்பெனி எடுத்த முடிவல்ல, இரண்டொரு மென்பொருள்காரர்கள் ஏதோ காரணத்துக்காகச் செய்தது என்றார். இரண்டொருவர் செய்ததா? 2006இலேயே இந்த யந்திரம் அமெரிக்கச் சட்டத்துக்குள் அடங்காது என்று கண்டு ஏமாற்று வழியைத் தேர்ந்தார்கள் என்பது பின்னால் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சந்தேகம் எழுந்த பிறகு, 2014 டிசம்பரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துப் பழுது பார்ப்பதாகச் சொன்னார்கள். கலிபோர்னியா வாரியம் பிறகு சோதித்துப் பார்த்ததில் சாலையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. புதிய மாடலுக்கு அனுமதி தர மாட்டோம் என்று வாரியம் கழுத்தைப் பிடித்த பிறகுதான், 2015 செப்டம்பர் 3 அன்று உண்மை வெளியே வந்தது. அதற்கு முந்தைய மாதம், ஆவணங்களை அழிக்கக் கூடாதென்று உத்தரவு வரப்போகிறது எனக் கேள்விப்பட்டதும் ஜெர்மனியில் சுமார் நாற்பது ஊழியர்கள் ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்திருக்கிறார்கள். நாற்பது பேர். இரண்டொருவர் என்பது எந்த ஊர்க் கணக்கு?

இது முதல் தடவையுமல்ல. 1973இலேயே, வெப்பநிலையைப் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடும் விசைகளைப் பொருத்தியதற்காக இதே கம்பெனி இதே முகமையிடம் அகப்பட்டு 1,20,000 டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. 1998இல் லாரி யந்திரங்கள் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகள் பல, நெடுஞ்சாலையில் மட்டும் மாசைக் கூட்டிவிடும் ஏற்பாட்டுக்காகக் கூட்டாகத் தண்டம் கட்டின. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம்.

இரண்டாவது வகை எனக்கு நெருக்கமான மார்க்ஸிய நண்பர். முதலாளித்துவம் என்றால் அப்படித்தான் இருக்கும், இதில் அதிர்ச்சியடைவதே குட்டி பூர்ஷ்வா மனோபாவம் என்கிறார். எனக்கு இந்தப் பதில் அலுத்துவிட்டது. எந்தக் கேள்விக்கும் முன்கூட்டியே தயாராயிருக்கிற பதில், கேள்வியைப் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஃபோக்ஸ்வாகனில் வாக்குரிமையுள்ள பங்குகளில் 20 சதவீதம் கீழ் சாக்ஸனி மாநில அரசுடையது. மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. பெயரே 'மக்கள் கார்'. அரசாங்கம், தொழிற்சங்கம், மக்கள் என்று நண்பர் கைகூப்பும் எல்லாம் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோதுதான் இது நடந்தது. 2018இல் ஜெர்மனியில் கம்பெனிக்கு 100 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். அது யாருக்குப் போயிற்று? கீழ் சாக்ஸனி மாநிலத்தின் கஜானாவுக்கு. பங்குதாரரும் அவரே, தண்டம் வாங்குகிறவரும் அவரே. இந்த இடத்தை நண்பரின் சூத்திரம் விளக்குமானால் நான் கேட்டுக்கொள்ளத் தயார். லாபவெறி உண்டு, மறுக்கவில்லை. வேலை போய்விடக்கூடாது என்ற தொழிலாளியின் நியாயமான பயமும், ஊருக்கு வரும் வரிப்பணத்தின் மீது அரசாங்கத்துக்கிருந்த ஆசையும் அதே வண்டியில் ஏறிக்கொண்டன என்பதுதான் சங்கடமான விஷயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோக்ஸ்வாகன், டைம்லர், பி.எம்.டபிள்யூ. ஆகியவை பணம் போட்டு நடத்திய ஓர் ஆராய்ச்சிச் சங்கம், டீசல் புகை முன்போல் கெடுதலில்லை என்று காட்டுவதற்காக 2014இல் அமெரிக்காவில் அல்புகர்க்கி நகரத்துச் சோதனைச்சாலை ஒன்றில் பத்துக் குரங்குகளை வைத்துப் பரிசோதனை நடத்தியது. குரங்குகளை மூடிய கூண்டுகளில் அடைத்து, நான்கு மணி நேரம் ஒரு புதிய பீட்டில் காரின் புகையைச் சுவாசிக்க வைத்தார்கள். அவை அமைதியாக இருப்பதற்காகக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கார் நின்றது உருளைகள் மேல். அதிலும் அந்த மென்பொருள் இருந்தது. ஆகவே அந்தக் குரங்குகள் சுவாசித்தது சாலையில் வரும் புகையை அல்ல, சோதனைக்கென்று வரும் புகையை. 2018 ஜனவரியில் செய்தி வெளியானபோது உலகம் குரங்குகளுக்காகக் கொதித்தது. கொதிக்கட்டும், நியாயம்தான். ஆனால் அதே புகையின் நாற்பது மடங்கை மனிதக் குழந்தைகள் கூண்டில்லாமல், கார்ட்டூனும் இல்லாமல், ஏழெட்டு வருஷமாகச் சுவாசித்துக்கொண்டிருந்ததற்கு அவ்வளவு கொதிப்பு வரவில்லை.

*

இப்போது கவிஞரின் கணக்குக்கு வரலாம். யாருக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்காவில் 2016இல் முடிவான உடன்படிக்கையின் மதிப்பு 1,470 கோடி டாலர் வரை. அதில் சுமார் 1,000 கோடி காரை வாங்கியவர்களுக்கு. காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலையும் கொடுத்து, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 5,100 டாலரிலிருந்து ஏறக்குறைய 10,000 டாலர் வரை கொடுத்தார்கள். திரும்பி வந்த மூன்றரை லட்சம் கார்களை நிறுத்த இடமில்லாமல் 37 இடங்களில் அடுக்கினார்கள். மிச்சிகனில் கைவிடப்பட்ட ஒரு விளையாட்டரங்கம், கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு விமானத் தளம். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் உழுது விதைத்த வயல் மாதிரி இருக்கும், வரிசை வரிசையாக. காற்றில் ஏற்பட்ட தீங்கை ஈடுகட்ட என்று 270 கோடி டாலர் தனி நிதியும் வைத்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாத நாடுகள்தான் அதிகம்.

ஜெர்மனியில், அவர்கள் சொந்த மண்ணில், கார்களைத் திரும்ப எடுக்கவில்லை. மென்பொருளை மாற்றினார்கள். 1.6 லிட்டர் யந்திரத்துக்குக் காற்று போகும் வழியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயும் செருகினார்கள். நஷ்ட ஈடு கேட்டவர்கள் 2020 வரை கோர்ட்டு வாசலில் நின்று, நுகர்வோர் சங்கத்தின் வழக்கில் 83 கோடி யூரோ வரை வாங்கினார்கள். அதே யந்திரம், அதே மென்பொருள், அதே பொய். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜெயிலுக்குப் போனவர்கள் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்த இன்ஜினியர் ஜேம்ஸ் லியாங்குக்கு 40 மாதம். விடுமுறைக்கு வந்து ஊர் திரும்பும்போது மயாமி விமான நிலையத்தில் பிடிபட்ட ஆலிவர் ஷ்மிட்டுக்கு 7 வருஷம். ஆடி கம்பெனியின் தலைவராயிருந்த ரூபர்ட் ஷ்டாட்லருக்கு 2023இல் நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையும் 11 லட்சம் யூரோ அபராதமும். 2025 மே மாதம் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் நான்கு முன்னாள் அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது, அதில் இருவருக்குத்தான் சிறை. விண்டர்கார்ன் மீதான விசாரணை 2024 செப்டம்பரில் ஆரம்பித்து, அவர் உடல்நிலை காரணமாக நின்றது. சோதனையில் ஏமாற்றுவது என்பது மேலே போகப் போக இலேசாகிக்கொண்டே போகிறது.

சரி, இதெல்லாம் காரை வாங்கியவனுக்கும் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலுள்ள வழக்கு. காரை வாங்காதவன்? நடந்து போனவன், சைக்கிளில் போனவன், சாலையோரத்து மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவன்? பணம் கொடுத்தவன்தான் ஏமாந்தவன் என்கிறது சட்டம். ஏமாற்றப்பட்ட காரில் குளிர்ந்த காற்றோடு உட்கார்ந்திருந்தவன் பாதிக்கப்பட்டவன் ஆகிறான். வெளியே நின்று அந்தக் காரின் மூச்சை வாங்கியவன் வழக்கிலேயே இல்லை. நான் சொன்ன அந்த எழுதப்படாத பக்கம் இதுதான்.

எழுத முடியாததா? முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2008 முதல் 2015 வரை ஓடிய கார்களால் மட்டும் 59 பேர் முன்கூட்டி இறந்திருப்பார்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜெர்மனியில் விற்ற கார்களால் ஐரோப்பாவில் 1,200 பேர் என்றது 2017இல் எம்.ஐ.டி.யின் ஆய்வு. ஃபோக்ஸ்வாகன் மட்டுமல்லாமல், கார், லாரி, பஸ் என்று எல்லா டீசல் வண்டிகளும் சட்ட அளவுக்கு மேல் கக்கியதைக் கூட்டினால் 2015ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 38,000 மரணங்கள் என்று 2017இல் 'நேச்சர்' இதழில் வந்தது. இந்தியாவும் அந்தக் கணக்கிலுள்ள பதினொரு சந்தைகளில் ஒன்று. ஆனால் இந்தச் சாவுகளுக்கு முகமில்லை. எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் நைட்ரஜன் ஆக்ஸைடு என்று எழுதமாட்டார்கள். இதயம் என்று எழுதுவார்கள், மூச்சுத்திணறல் என்று எழுதுவார்கள். லண்டனில் நெரிசலான சாலையருகே வாழ்ந்து 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுப் பெண்ணின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று எழுதச் செய்ய அவள் தாய் 2020 வரை போராட வேண்டியிருந்தது. அது எந்தத் தனிக் கம்பெனியின் காரைப் பற்றிய தீர்ப்புமல்ல. காரணம் என்று ஒரு சொல்லைத் தாளில் ஏற்றுவதற்கே ஏழு வருஷம் ஆயிற்று என்பதற்காகச் சொல்கிறேன்.

நடந்தது ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான், இதனால் சட்டம் கடுமையாயிற்று, மின்சாரக் கார் வந்தது என்கிற மூன்றாவது வகையினருக்கு ஒரு விவரம். மோசடி அம்பலமாகி ஆறு வாரங்கூட ஆகவில்லை, 2015 அக்டோபர் 28 அன்று ஐரோப்பிய அரசுகள் கூடி, இனிச் சாலையிலும் சோதனை உண்டு என்று முடிவு செய்தன. கூடவே, சாலையில் ஓடும்போது புதிய மாடல்கள் சட்ட அளவைப்போல் 2.1 மடங்கு வரை கக்கலாம் என்றும் முடிவு செய்தன. கருவிகளின் துல்லியம் போதாது, கம்பெனிகளுக்கு அவகாசம் வேண்டும் என்று காரணங்கள். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், மாட்ரிட் நகரங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. அளவை மீறியவனைத் தண்டித்த கையோடு அளவையே நீட்டிக் கொடுத்தார்கள். இதற்கும் பெயர் 'இணக்கக் காரணி'. ஒலியியல் செயற்பாட்டின் தங்கை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் இங்கே 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். ஃபோக்ஸ்வாகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. அழைத்து மென்பொருளை மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். இந்தியச் சட்டம் எதையும் நாங்கள் மீறவில்லை என்பது கம்பெனியின் நிலை. அதில் ஒரு குரூரமான நியாயம் இருக்கத்தான் செய்தது. அப்போது இங்கே சாலையில் அளக்கச் சொல்லும் விதியே கிடையாது. அது 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் புதிய வண்டிகளுக்கு.

ஆனாலும் நம் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு காரியம் செய்தது. நான்கு பேர் கொண்ட குழு அமைத்து, இந்தக் கார்கள் 2016இல் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்ஸைடு 48.678 டன் என்றும், டெல்லியை மாதிரியாக வைத்துப் பார்த்தால் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு நேர்ந்த நஷ்டம் 171 கோடியே 34 லட்சம் ரூபாய் என்றும் கணக்கெடுத்தது. கார் வாங்கியவன் நஷ்டமல்ல, கவனிக்க வேண்டும். சுவாசித்தவன் நஷ்டம். குறைவா அதிகமா என்று சண்டை போடலாம். ஒரு டெல்லியை வைத்துத் தேசத்தை அளக்கலாமா என்றும் கேட்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தின் தலைப்பில் பெயராவது எழுதினார்கள். 2019 மார்ச் 7 அன்று தீர்ப்பாயம் தொகையை 500 கோடியாக உயர்த்தியது. மே மாதம் உச்ச நீதிமன்றம், கம்பெனி மேல் கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்றது. செய்தித்தாள்களில் அது வணிகப் பக்கத்தில் வந்தது. நம் கவிஞர் அந்தப் பக்கம் படிப்பதில்லை.

அந்தக் கார்கள் விற்கப்பட்டு, மறுபடியும் விற்கப்பட்டு, சின்ன ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் கிளையிலேயே செகண்ட் ஹாண்ட் டீசல் கார் ஒன்றுக்குக் கடன் கேட்டு வந்த விண்ணப்பத்தோடு புகைச் சான்றிதழின் நகலும் இணைத்திருந்தது. பெட்ரோல் பங்கின் ஓரத்தில் ஒரு சின்ன அறையில் கொடுப்பார்களே, அது. ஒரு குழாயைச் சைலன்சரில் செருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சான்றிதழில் அளந்திருந்தது அது ஒன்றுதான். நைட்ரஜன் ஆக்ஸைடுக்குக் கட்டமே இல்லை. அளவு வரம்புக்குள் இருந்தது. எண்ணைச் சரிபார்த்து, நகலில் முத்திரை குத்தி, மேலே அனுப்பினேன்.